நூற்றுத் தொண்ணூறு கிராம் ஒத்திகை

கோணங்குளத்து மைக்செட்காரர்கள் நாலு பேருக்கும் மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மூளை இருக்கத்தான் செய்தது. நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று என்பதால், குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடுவதுபோல் முறைவைத்துப் பயன்படுத்தி வந்தார்கள். இன்றைக்கு யார் முறை என்பதில்தான் அவ்வப்போது குழப்பம் வந்துவிடும்.

மூத்தவர் கொம்பையா. ஒலிபெருக்கி அவருடையது, ஆகையால் கடைசிப் பேச்சும் அவருடையது. அடுத்தவர் மாசானம். அதற்கும் கீழே இசக்கியும் சொரிமுத்தும். ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் ஒப்பாரியைப் போட்டுவிட்டு உதை வாங்கிய நாளிலிருந்து, ஒத்திகை பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது என்று கொம்பையா சட்டம் போட்டிருந்தார். விசேஷத்துக்கு முந்தின நாளே பாட்டுப் போட்டு, ஒருத்தனை மாப்பிள்ளையாக உட்காரவைத்து, எல்லாவற்றையும் நடத்திப் பார்த்துவிடுவார்கள். ஒரு தடவை அப்படி உட்கார்ந்த இசக்கி, மறுநாள் நிஜ மாப்பிள்ளை வந்தபோது, பழகின ஆள் நான்தான் என்று மணையை விட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டான். அதைத் தவிர ஒத்திகையால் நன்மைதான்.

மாசானத்தின் மகள் செண்பகம் மஸ்கட்டில் இருந்தாள். அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பேறுகாலம் பார்க்க மாசானத்தின் மனைவி பிரமாச்சியும் அங்கே போயிருந்தாள். மாசானத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரே ஆள் அவள்தான். ஆகவே பின்னால் நடந்ததற்கெல்லாம் அவளை ஏற்றிக்கொண்டு போன விமானத்தையும் கொஞ்சம் குறை சொல்லலாம்.

மாசானத்திடம் இருந்தது பட்டன் போன். அதில் பேரன் அழுகிற சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்தைக் காதோடு அழுத்திக்கொண்டு மாசானமும் அழுவார். பேரன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், பேரனும் தன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவருக்கு அதற்குமேல் ஆசையே இல்லை. மருமகன்தான் வழி சொன்னார். அடுத்த மாதம் ‘மின்மினி ஏழு’ என்று புதுப் போன் ஒன்று வருகிறதாம். வந்ததும் வாங்குங்கள் மாமா என்றார்.

பேரன் நாலு பேருக்கும் பேரன்தான், ஆகவே போனும் நாலு பேருக்கும் பொது என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கே நாலு பேரும் தென்காசி ரோட்டில் இருக்கும் அந்தோணியின் செல்போன் கடைக்குப் போய் வரிசையாக நின்றார்கள். அந்தோணி நல்ல பையன். கம்பெனி இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றும், வெளியில் அடிபடுகிற பேச்சு இதுதான் என்றும் சொல்லி, ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். எடை நூற்றுத் தொண்ணூறு கிராம். ஒன்றரை மீட்டர் தண்ணீருக்குள் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. சார்ஜ் ரெண்டு நாள் நிற்கும், ஆனால் பெட்டிக்குள் சார்ஜர் வராது. சொந்தக்காரன் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும். நம்பர் போட்டும் திறக்கலாம் என்று அவன் சொன்னபோது நாலு பேரும் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.

“போன் வார அன்னைக்கு நாம முழிச்சிட்டு நிக்கக்கூடாது. ஒத்திகை பாக்கணும்,” என்றார் கொம்பையா.

தச்சுப்பட்டறை வேலாயுத ஆசாரி தேக்கில் ஒரு கட்டை இழைத்துக் கொடுத்தார். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்து, குறைந்த எடைக்கு நாலு ஆணி அடித்து, சரியாக நூற்றுத் தொண்ணூறு கிராமுக்குக் கொண்டுவந்தார். எதற்கென்று கேட்டார். சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

முதலில் தண்ணீர் ஒத்திகை. குளத்தில் இடுப்புக்குமேல் ஆழம் பார்த்து இறங்கிக் கட்டையை விட்டார்கள். அது மிதந்தது.

“உள்ள கெடக்கும்னுல்லா அந்தோணி சொன்னான். இது மேல கெடக்கே,” என்றான் இசக்கி கவலையோடு.

“போன் தானா கெடக்குமா? நாமதாம்லே புடிச்சி வைக்கணும்,” என்றார் கொம்பையா.

சொரிமுத்து கட்டையைப் பிடித்துக்கொண்டு முங்கினான். அரை மணி நேரம் என்பது கணக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்குள் மேலே வந்துவிட்டான். இருபதாவது தடவை வயிறு பானைபோல் வீங்கியிருந்தது. அவனைக் கரையில் கவிழ்த்துப்போட்டு முதுகில் குத்தினார்கள். கட்டையைத் துடைத்துப் பார்த்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் குறை இல்லை, சொரிமுத்துக்குத்தான் தண்ணீர் ஆகாது என்று முடிவாயிற்று.

சார்ஜ் ஒத்திகையும் முறையாக நடந்தது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கட்டையைப் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சார்ஜர் இல்லையே என்று நாலு பேரும் அரை மணி நேரம் வருத்தப்படுவார்கள்.

சாயங்காலங்களில் பேசுகிற ஒத்திகை. மாசானம் கட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். சொரிமுத்து சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேரனைப்போல அழுவான். அவனுக்கு அழுகை நன்றாக வரும். “எங்க ராசால்லா, தாத்தாவைப் பாரு,” என்று மாசானம் கட்டையைக் கொஞ்சுவார். கொஞ்சும்போது கண் நிஜமாகவே நிறைந்துவிடும். பார்த்துக்கொண்டிருந்த இசக்கி மூக்கைச் சிந்துவான்.

நடுவில் ஒரு நாள் அந்தோணி கூப்பிட்டனுப்பினான். ஏழுக்காக எதற்குக் காத்துக்கிடக்க வேண்டும், போன வருஷத்து மின்மினி ஆறு கடையிலேயே இருக்கிறது, விலையும் பாதி, இன்றைக்கே வாங்கினால் இன்றைக்கே பேரனைப் பார்க்கலாம் என்றான். கொம்பையா யோசித்தார். பிறகு ஆசாரியிடம் போய் ஆறுக்கும் ஒரு கட்டை செய்யச் சொன்னார். விலை குறைந்த போன் என்பதால் மாங்கட்டை. மூன்று நாள் ரெண்டு கட்டைகளையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்கள். ரெண்டும் சூடாகவில்லை. ரெண்டிலும் ஒரே மாதிரிதான் கேட்டது.

“அப்பம் ஆறையே வாங்கிருவோம் அண்ணாச்சி,” என்றார் மாசானம். குரல் கெஞ்சியது.

“மருமவன் என்ன சொன்னாரு? வந்ததும் வாங்கணும்னு சொன்னாரு. ஆறு போன வருசமே வந்துட்டு. வந்தது மறுபடி எப்பிடிலே வரும்?”

ஆறு வேண்டாம் என்று சொல்ல நாலு பேரும் கடைக்குப் போனார்கள். மாசானம் தவிப்பதைப் பார்த்த அந்தோணி, இந்தாரும், என் போனிலேயே பேரனைப் பாரும் என்று நீட்டினான். மாசானத்தின் கை பாதி தூரம் போய்விட்டது. முக ஒத்திகை இன்னும் முடியவில்லை என்று கொம்பையா கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். வழிநெடுக மாசானம் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முக ஒத்திகையில்தான் சிக்கல். போன் திறப்பது ஒரு முகத்துக்கு. சொந்தக்காரர்கள் நாலு பேர். ஒரு பகல் முழுக்க விவாதம் நடந்தது.

“நாலு மூஞ்சியும் ஒண்ணா இருந்துட்டா பெறவு என்ன சிக்கல்?” என்றான் சொரிமுத்து. மூளை அன்றைக்கு அவன் முறை.

“ஒண்ணா இருக்கணும்னா எல்லாரும் மீசை வளக்கணும். மாசானம் அண்ணனுக்கு இருக்க மீசை நமக்கு எந்தக் காலத்துல வளரும்?” என்றான் இசக்கி.

“வளக்கது கஷ்டம். எடுக்கது லேசு,” என்றார் கொம்பையா.

மாசானத்தின் மீசை சாமானியப்பட்டதல்ல. முப்பது வருஷமாக எண்ணெய் போட்டு வளர்த்தது. செண்பகம் நடைபழகும்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். பேரனும் அதைப் பிடித்து இழுப்பான் என்று அவர் ஆசை வைத்திருந்தார். ஆனால் மீசை இருந்தால் பேரனைப் பார்க்க முடியாது என்றால் என்ன செய்வது? சலூன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மீசை போயிற்று. தலைமுடி நாலு பேருக்கும் நாலு விதமாக இருந்ததால் அதுவும் போயிற்று. கடைசியில் புருவமும் போயிற்று. எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று சலூன்காரர் கேட்டார். போனுக்கு என்றார்கள்.

மின்மினி ஏழு வந்தது. அந்தோணிக்கு யார் யாரென்று தெரிய ரொம்ப நேரம் ஆயிற்று. மாசானத்தின் முகத்தைப் போனுக்குப் பழக்கிக் கொடுத்தான். மாசானம் காட்டினார், திறந்தது. கொம்பையா காட்டினார், திறக்கவில்லை.

“எனக்குத் தாடையில ஒரு மச்சம் இருக்குல்லா, அதான். ஒத்திகை பத்தல,” என்றார் கொம்பையா.

மஸ்கட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனில் பிரமாச்சி தெரிந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் தெரிந்தது புருவமில்லாத நாலு மொட்டைத் தலைகள். “யாரோ சாமியாருவ தப்பாப் போட்டுட்டாவ,” என்று வைத்துவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டபோது செண்பகம் எடுத்தாள், மடியில் பிள்ளையோடு.

பேரன் தெரிந்தான். அவனுக்கும் தலையில் முடி இல்லை. புருவமும் இருக்கிறமாதிரி தெரியவில்லை.

“பிள்ளை அங்கயே ஒத்திகை பாத்துட்டான் அண்ணாச்சி,” என்று இசக்கி ரகசியமாகச் சொன்னான். மாசானத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒரு மாதம் மரக்கட்டையில் கொஞ்சின பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுல எங்கப்பா யாரு?” என்றாள் செண்பகம்.

“நான்தாம்மா மக்கா.”

குரலைக் கேட்டதும் அவள் அழுதாள். பிறகு நாலு மொட்டையையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிள்ளை நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. “மீசையை ஏம்ப்பா எடுத்திய? இதுல எவரு தாத்தான்னு பிள்ளை எப்பிடிக் கண்டுபுடிக்கும்? மீசை வந்ததும் கூப்பிடுங்க, அப்பதான் அவனுக்கு அடையாளம் தெரியும்,” என்றாள்.

மாசானம் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. அந்த மீசை திரும்ப வர ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் பேரன் நடக்கவே ஆரம்பித்துவிடுவான். உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கொம்பையாவால் அதைப் பார்க்க முடியவில்லை. “அழாதலே. வளரது வரைக்கும் ஒத்திகை மீசை இருக்கட்டும்,” என்று அவர் கையைப் பிடித்து நேரே தச்சுப்பட்டறைக்குக் கூட்டிப்போனார். தேக்கில் ஒரு மீசை, மாசானத்துக்கு முன்பு இருந்தது போலவே, முறுக்கோடு. மாசானத்துக்கு உயிர் திரும்பி வந்தது. இனிமேல் பேரன் நாலு பேருக்கு நடுவில் தாத்தாவை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான்.

ஆசாரி இப்போதெல்லாம் ஆச்சரியப்படுவதில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

“நாலு,” என்றார் கொம்பையா. “நாலும் ஒண்ணுபோல இருக்கணும். ஒரு கிராம் வித்தியாசம் இருந்தாலும் போன் கண்டுபுடிச்சிரும்.”