பல்லோடு போன ஊர்

சொரிமுத்துவின் மகள் செண்பகத்துக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம், மாப்பிள்ளை ஊரில். தனியாகப் போய்ச் சம்பந்தம் பேசி முடித்தவர் சொரிமுத்துதான். எந்த ஊர் என்பது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. மனைவி தங்கத்திடம் கேட்க வெட்கம். மச்சினர்கள் பேச்சிமுத்தையும் இசக்கியையும் மாட்டுத்தொழுவத்துக்கு அழைத்துச் சொன்னார்.

"போன வாரம் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினேம்லா, பல்லு போனா ஞாபகமும் குறையலாம்னு டாக்டர் சொன்னாரு. ஊர்ப்பேரு அந்தப் பல்லுலதான் இருந்திருக்கு."

மூவரும் பல் டாக்டரிடம் போனார்கள்.

"பல்லை நீங்களே வச்சுக்கிடுங்க. ஊரை மட்டும் கொடுங்க" என்று பணிவாகக் கேட்டார் சொரிமுத்து.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பல் குப்பைக்குப் போய்விட்டது, வேண்டுமானால் புதுப்பல் கட்டலாம் என்றார்.

வாசலில் நின்று ஆலோசித்தார்கள்.

"புதுப்பல்லுக்கு என்ன தெரியும்? யாராவது பயன்படுத்துன பல்லா வாங்குவோம் அத்தான்" என்றான் இசக்கி.

"அடுத்தவன் பல்லை வச்சா அவன் பொண்டாட்டி பேருல்லா ஞாபகம் வரும். அக்கா சும்மா விடுவாளா?" என்றான் பேச்சிமுத்து.

தங்கத்தின் முகம் கண்முன் வந்தது. சொரிமுத்து அந்த யோசனையைக் கைவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அழுதேவிட்டார். "வடலிவிளைப்பா" என்றாள் செண்பகம். "அவரு தினமும் போன்ல பேசுதாருல்லா."

சொரிமுத்து அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு மச்சினர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாம் இருக்கு மாப்ள. நம்பலாம்."

பெண்ணையும் தங்கத்தையும் மாப்பிள்ளை வீட்டு வேன் வியாழக்கிழமையே கூட்டிப்போனது. மறுநாள் காலை இவர்கள் மூவரும் தங்கள் ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். ஏறுமுன் ஆளுக்கொரு தடவை "வடலிவிளை" என்று சொல்லி, பேர் வெளியே போய்விடாமல் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார்கள்.

"எங்கே போகணும்?" என்றார் கண்டக்டர்.

மூவரும் முன்பக்கம் கைகாட்டினார்கள். கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார் அவர்.

பாதி வழியில் இசக்கி பலமாகத் தும்மினான். "விழுந்துட்டு அத்தான்" என்று கத்தினான். அவனைத் திட்டுவதற்கு மற்ற இரண்டு பேரும் வாயைத் திறக்க, அவர்களுடையதும் போயிற்று. மூவரும் சீட்டுக்கு அடியில் தவழ்ந்து தேட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கடைசி நிறுத்தம் வந்து பஸ் நின்றது. வெளியே நாதஸ்வரம் கேட்டது.

"வடலிவிளை. வடலிவிளை எல்லாம் இறங்கு" என்றார் கண்டக்டர்.

சீட்டுக்கு அடியிலிருந்து சொரிமுத்துவின் தலை மட்டும் வெளியே வந்தது.

"கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி. நாங்களே ஊரைத் தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டு இருக்கோம்."