முகம் காட்டாத பத்து நிமிடம்

"அவன் அப்படி என்னதான் பண்றான் மேடம்?"

கேட்டவள் செண்பகவல்லி. மனநல ஆலோசகர். வயது ஐம்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் கஷ்டத்தை எதிரே உட்கார்ந்து கேட்டவள்.

மடிக்கணினித் திரையில் இருந்தவள் ரெஹானா. குன்னூரில் இருக்கிறாள். ஆலோசகர்களுக்கே தடுமாற்றம் வந்தால் அவளிடம்தான் போவார்கள். செண்பகவல்லியைவிடப் பதினான்கு வயது இளையவள். மாதம் ஒருமுறை அவள் முன்னால் மாணவியாக உட்காருவதில் செண்பகவல்லிக்கு இதுவரை கூச்சம் இருந்ததில்லை.

இன்று இருந்தது.

"யாரு அக்கா?"

"ஜெபசிங். எங்க ஆலோசனை மையத்துல பக்கத்து ரூம். சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. ஆன்லைன்ல மட்டும்தான் பாக்குறான். அடுத்த மாசம் வரைக்கும் அவன்கிட்ட இடம் இல்ல. எனக்கு வியாழக்கிழமை பூரா காலி."

ரெஹானா தலையை ஆட்டினாள்.

"என்கிட்ட எட்டு மாசமா வந்துட்டிருந்த ஒரு பொண்ணு மேடம். நாப்பத்தாறு வயசு. வேலை மாறி வெளியூர் போயிட்டா. சரின்னு வீடியோவுல பேச ஆரம்பிச்சேன். நாலே தடவை. 'இனி ஜெபசிங் சாரிடம் பேசிக்கொள்கிறேன், நன்றி'ன்னு ஒரு வரி அனுப்பிட்டா."

அந்த ஒரு வரியை ஒன்பது நாளாகத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள் செண்பகவல்லி. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபசிங்கின் குரல் கேட்டாலே, அந்தப் பெண்ணோடுதான் பேசுகிறானோ என்று காது தானாக அங்கே போனது. "டீ குடிக்க வாங்க மேடம்" என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம் தலைவலி என்றாள்.

"நீங்க வீடியோவுல எப்படிப் பாப்பீங்க?"

இதற்குப் பதில் இருந்தது. செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முறையாத்தான். கதவைச் சாத்தணும். வெளிச்சம் முகத்துல விழணும். நாற்காலியில உக்காரணும், கட்டில்ல சாஞ்சுக்கிட்டு எல்லாம் பேசக் கூடாது. காமிரா கண்டிப்பா ஆன்ல இருக்கணும். முகத்தைப் பாக்காம மனசை எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"சரி" என்றாள் ரெஹானா.

அவள் முகம் மறைந்தது. கறுப்புக் கட்டத்தில் அவள் பெயர் மட்டும் நின்றது.

"மேடம்? நெட் போயிடுச்சா?"

"இல்லக்கா. நான்தான் அணைச்சேன். பேசுங்க."

"உங்களைப் பாக்க முடியல."

"ஆமா."

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் இவளிடம் விளையாட்டா? இணைப்பைத் துண்டிக்கக் கை போனது.

திரையில் மிச்சம் இருந்தது அவளுடைய சொந்த முகம் மட்டும். இறுகிய உதடு. சிவந்த கண். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

தன் காமிராவையும் அணைத்தாள்.

இரண்டு கறுப்புக் கட்டங்கள். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம்.

"எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள் செண்பகவல்லி.

"ம்."

"அவன் நல்ல பையன். என்னை ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. அதுவே எரிச்சலா இருக்கு."

"ம்."

"நேத்து ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்னக்கா?"

"அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன். 'ஜெபசிங் புதுசு, அனுபவம் பத்தாது, எல்லாத்தையும் சொல்லிடாதீங்க'ன்னு. படிச்சுட்டா. பதில் வரல. மனசு விட்டுப் பேச ஒரு இடம் கிடைச்சுதுன்னு அவ போயிருப்பா. அதையும் நான் கெடுத்துட்டேன்."

அழுதாள். துடைத்துக்கொள்ளவில்லை.

ரெஹானா ஆறுதல் சொல்லவில்லை. "ஜெபசிங்கிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான். இன்னைக்கே சொல்லிடுறேன். அந்தப் பொண்ணுகிட்டயும் எழுதி மன்னிப்புக் கேக்குறேன்."

"சரிக்கா. காமிராவைப் போடட்டுமா?"

"வேண்டாம்!"

சொன்ன வேகம் அவளுக்கே திடுக்கென்றிருந்தது.



"மேடம்... கடைசித் தடவை பேசும்போது அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டா. 'ஒரு அஞ்சு நிமிஷம் வீடியோவை அணைச்சுக்கட்டுமா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காமிரா கண்டிப்பா..." என்று தொடங்கிய செண்பகவல்லி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பரவாயில்ல" என்றது இருட்டிலிருந்து அந்தக் குரல். "மெதுவாச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."