மகாராஜா திருத்திய பட்டணப் படம்

பூவரசம்பட்டணத்து ராஜா திருமேனிப் பூபதிக்கு ஒரே ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் திருத்த வேண்டும். சமையற்காரன் உப்புப் போட்டால் இவர் இன்னும் கொஞ்சம் போடுவார். பாகவதர் பாடினால் குறுக்கே புகுந்து பாடுவார். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் அதன் மூக்கைப் பிடித்துச் சற்று நீட்டிவிட்டு வருவார். அரண்மனை வைத்தியர் இதற்கும் ஒரு லேகியம் கிளறினார். ராஜா அந்த லேகியத்தையே திருத்தி வைத்தியருக்கு ஊட்டிவிட்டார். பாவம் மனுஷன், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குப் பட்டணப் படம் போடும் ஆசை வந்தது. பக்கத்து நாட்டு ராஜா தன் தலைநகரைச் செப்புத் தகட்டில் செதுக்க வைத்து, காகிதத்தில் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பியிருந்தார். கோட்டை, கோயில், தெருக்கள், மூலையில் கொடி பிடித்த யானை. அதைப் பார்த்ததும் நம் ராஜாவுக்கு வயிறு எரிந்தது.

உடனே தாண்டவ ஆசாரிக்கு ஆள் போனது. படம் செதுக்கி அச்சிட்டு வெளியிடும் அச்சுக்கூடம் ஊரில் அவருடையது ஒன்றுதான். ஆசாரி எட்டு மாதம் குனிந்த தலை நிமிராமல் செதுக்கினார். முடிகிற சமயத்தில் ராஜா வந்து தகட்டை எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி! கடல் கிழக்கே இருக்கிறது. மேற்கே போட்டிருக்கிறாய்! என் அரண்மனை எங்கே ஐயா போயிருக்கிறது?"

"மகாராஜா, செம்புல இடம் வலம் மாத்தித்தான் வெட்டணும். அப்பத்தான் காகிதத்துல நேரா..."

"எனக்கே பாடமா? கடல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? திருத்து!"

பக்கத்தில் நின்ற பிரதானி சங்கரப்பர், "மகாராஜாவின் கண்ணே கண்" என்று தாளம் போட்டார். ஆசாரி பழைய தகட்டை உருக்கிவிட்டு, இன்னும் எட்டு மாதம் உட்கார்ந்து, புதுத் தகட்டில் கடல், கோட்டை, எழுத்து எல்லாவற்றையும் நேராகவே வெட்டினார். படத்தின் அடியில், செதுக்கியவர், வெளியிட்டவர் பெயர்களுக்குப் பக்கத்தில், ராஜா தாமே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'பிழை திருத்தியவர் மகாராஜா.'

அச்சான படம் சபைக்கு வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கடல் மேற்கே கிடந்தது. அரண்மனை யானைக் கொட்டடி இருக்கும் இடத்தில் நின்றது. எழுத்தெல்லாம் முதுகைக் காட்டியது.

ராஜாவின் மீசை துடித்தது. "மூன்று நாளில் பக்கத்து நாட்டுத் தூதர் வருகிறார். இதையா காட்டுவேன்? நாளைப் பொழுது சாய்வதற்குள் இந்த ஆசாரியின் வலது கட்டைவிரலை வெட்டுங்கள்!"

ஆசாரி வாயைத் திறந்தார். "வாயை மூடு!" என்று ராஜா அதையும் திருத்தினார். கட்டைவிரல் போனால் உளி பிடிப்பது எப்படி? ஆசாரிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சபையின் விகடன் கோனேரி எழுந்தான். படத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, வெயிலில் பிடித்து, எழுத்துக் கூட்டிக் கடைசி வரியைப் படித்தான்.

"ஐயையோ! மகாராஜா திருத்திய படமா இது? அப்படியானால் இதில் பிழை எப்படி இருக்கும்?"

ராஜா விழித்தார். சபை முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இருக்காதுதான்" என்றார்.

"அப்போது பிழை ஊரில்தான் இருக்கிறது. உத்தரவு கொடுங்கள். நாளைக்குள் ஊரைத் திருத்திவிடுகிறேன். அதுவரை விரலை யாரும் தொடக்கூடாது."

'என் பிழை' என்று சொல்வதைவிட அது சுலபமாகப் பட்டது. ராஜா உத்தரவு கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ராஜா கண் விழித்தபோது கட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோனேரி தலையணையைச் சுமந்தபடி முன்னால் போனான்.

"எங்கேடா போகிறோம்?"

"அரண்மனைக்கு, மகாராஜா. படத்தில் இருக்கிற அரண்மனைக்கு."

கட்டில் யானைக் கொட்டடியில் இறங்கியது. எதிரே யானைகள் வரிசையாக அரண்மனைக்குள் நுழைந்துகொண்டிருந்தன. போக மறுத்த ஒரு கிழட்டு யானை மட்டும் ராஜாவின் போர்வையை உருவி, கரும்போ என்று மென்று பார்த்தது.

அந்த நேரத்தில் தொப்பலாக நனைந்த பிரதானி அலறிக்கொண்டு ஓடி வந்தார். "மகாராஜா! என் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் குடம் குடமாக உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்!"

"படத்தின்படி பிரதானியார் வீடு நிற்கிற இடம் நடுக்கடல். இன்னும் முழங்கால் ஆழம்கூட வரவில்லை. மீன் சாயங்காலம் வரும்" என்றான் கோனேரி பணிவாக.

யானை இப்போது ராஜாவின் குடுமியை முகர்ந்தது.

"போதும்டா!" என்று ராஜா கத்தினார். "ஊர் சரி! படம்தான் தப்பு! திருத்தினது நான்! தப்பு என்னுடையது! ஆசாரி விரல் ஆசாரிக்கே! இந்த யானையை முதலில் பிடியுங்கள்!"

அப்புறம் எல்லோரும் அச்சுக்கூடத்துக்குப் போனார்கள். ராஜா சோர்ந்து உட்கார்ந்தார். "தூதர் வருகிறாரே. இன்னொரு தகடு வெட்ட எட்டு மாதமாகுமே."

கோனேரி ஆசாரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். ஆசாரி அதே தகட்டில் மை தடவி ஒரு படம் எடுத்தார். மை காய்வதற்குள் அதன்மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்து, மறுபடி அச்சு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தினார். பிரித்தால், இரண்டாவது காகிதத்தில் கொஞ்சம் மங்கலாக, ஆனால் அச்சு அசலாகப் பட்டணம்! கடல் கிழக்கே. அரண்மனை அதன் இடத்தில். எழுத்தெல்லாம் நேராக.

ராஜா துள்ளி எழுந்தார். "அட, இது கால் நாழிகை வேலை! ஏன் ஆசாரி, இதை எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா?"

ஆசாரி பயந்து பின்வாங்கினார். கோனேரிதான் பதில் சொன்னான்.

"சொல்லியிருப்பார் மகாராஜா. இதையும் நீங்கள் திருத்தியிருப்பீர்களே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோனேரிக்கு ஒரு பை பொற்காசு கொடுத்தார். தம் விரலில் இருந்த வைர மோதிரத்தைக் கழற்றி ஆசாரியிடம் வந்தவர், வாழ்நாளில் முதல் தடவையாக, எந்த விரலில் போடலாம் என்று அவரையே கேட்டார்.