யானை விசிறிய குகை

கல்லாங்குத்துக் காட்டில் மூக்காயி என்றொரு கரடி இருந்தாள். மார்கழியில் பிறந்த இரண்டு குட்டிகளோடு ஒரு பாறைக் குகையில் குடியிருந்தாள்.

அந்த வருஷம் பங்குனி முடியும் முன்பே வெயில் மண்டையைப் பிளந்தது. குகைக்குள் இருந்தால் வேகும். வெளியே வந்தால் சுடும். அதிலும் கரடிக்கு உடம்பெல்லாம் கம்பளி! அதைக் கழற்றி வைக்கவா முடியும்? பெரிய குட்டி எப்படியோ சமாளித்தது. சின்னவள் பொட்டுதான் துவண்டு போனாள்.

"பொட்டு, கொஞ்சம் பால் குடிடி!"

"வேண்டாம்மா. புழுங்குது!"

 மூக்காயி யானை மலையப்பனிடம் ஓடினாள்.

"மலையப்பண்ணே! உங்க காது ரெண்டும் முறம் மாதிரி இருக்கே. என் குகை வாசல்ல நின்னு கொஞ்சம் விசிறக் கூடாதா?"

"விசிறலாம் தாயி. ஆனா வேலை செஞ்சா பசிக்கும். பசிச்சா தின்னணும்."

"வாசல்லயே மூங்கில் புதர் இருக்கு. வேணுங்கிற மட்டும் தின்னுங்க!"

மலையப்பன் வந்து விசிறினான். முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவிச் சேதி சொல்லின. "மூக்காயி வீட்டுல யானை விசிறுதாம்!" மூக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று அன்று மூன்று தடவை வாசலுக்கு வந்து நின்றாள்.

ஒரு வாரத்தில் புழுக்கம் திரும்பி வந்தது.

"பத்தலையே அண்ணே!"

"என் மச்சான் சும்மாதான் கிடக்கான். கூப்பிடவா?"

மச்சான் வந்தான். அவனும் விசிறினான், அவனும் தின்றான். அப்புறம் மச்சானின் தம்பி வந்தான். மூன்று யானை, ஆறு காது! காற்று வந்ததோ இல்லையோ, மூங்கில் காலியானது. குகை வாசல் மேற்குப் பார்த்தது. அதுவரை சாயங்கால வெயிலை மறைத்து நின்றது அந்தப் புதர்தான். அது மொட்டையானதும் வெயில் கேட்பாரில்லாமல் உள்ளே வந்து பின்சுவர் வரைக்கும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு மூன்று யானைகளும் வாசலை அடைத்து நின்றதால், தானாக வருகிற காற்றும் வழியில்லாமல் திரும்பிப் போனது.

இதெல்லாம் மூக்காயியின் கண்ணில் பட்டால்தானே! பொட்டு அன்று காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "நாலாவது யானை வேணும்!" என்று அலறிக்கொண்டு மூக்காயியே தேடக் கிளம்பினாள்.

வழியில், ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில், ஒரு கரையான் புற்று இருந்தது. அவளும் இரண்டு நாளாய் வெறும் வயிறு. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்களே! நகத்தால் ஒரு கீறு கீறி மூக்கை உள்ளே விட்டாள்.

மூக்கு சில்லென்றது!

வெளியே எடுத்தாள். மறுபடி விட்டாள். சில்! வெளியே கொளுத்துகிற சித்திரை, உள்ளே தை மாதம்!

"ஏய்! உள்ள யாரு விசிறுறது?"

"இங்க விசிற யாரும் இல்லை, கரடியம்மா!" என்றது ஒரு சின்னக் குரல். உடைந்த சுவரை அடைக்க மண் உருண்டையோடு வந்து நின்றாள் கொத்துவேலைக்காரக் கரையான் வெள்ளைச்சி. "தின்னப் போறீங்களா, கேக்கப் போறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எனக்கு வேலை கிடக்கு!"

மூக்காயியின் நாக்கு தானாக வெளியே வந்தது. பொட்டுவின் முகம் நினைவுக்கு வந்தது. நாக்கு உள்ளே போனது.

"கேக்குறேன். என் மக வெந்து சாகுறா. உன் வீடு மட்டும் எப்படி இப்படிக் குளுருது?"

"கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி. சூடு மேலே ஏறிப் போயிடும். அது காலி பண்ணுன இடத்துக்குக் கீழேயிருந்து குளிர்காத்து வரும். அவ்வளவுதான்! உங்க வீட்டைப் பார்த்தாத்தான் மீதி சொல்ல முடியும். ஆனா எங்க புத்தை இனிமே தொடக் கூடாது!"

"சத்தியமா தொட மாட்டேன்!"

வெள்ளைச்சி கரடியின் மூக்கு நுனியில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் மூக்காயிக்கு வாய் ஊறியது.

"நாக்கை உள்ள வைங்க!"

"சும்மா, உதட்டைத்தான் துடைச்சேன்!"

குகைக்கு வந்ததும் வெள்ளைச்சி சொன்னாள்: "முதல்ல வாசல்ல நிக்கிற மூணு பேரையும் நகரச் சொல்லுங்க!" பிறகு பின்சுவரில் விறுவிறுவென்று ஏறினாள்.

"மேலே இந்தப் பிளவுல கல்லைச் சொருகினது யாரு?"

"நான்தான். பிள்ளை பெத்த வீடு, பனி இறங்கக் கூடாதுன்னு அடைச்சேன்."

"மார்கழி போய்ச் சித்திரை வந்தாச்சு. உங்க கல்லு இன்னும் மார்கழியிலேயே நிக்குதே!"

மலையப்பன் பாறைமேல் ஏறித் தும்பிக்கையால் ஒரு இழு இழுத்தான். கல் பெயர்ந்து உருண்டது. அடைபட்டுக் கிடந்த சூடு குபுகுபுவென்று மேலே போனது. வாசல் வழியாகக் காற்று தானாகவே உள்ளே வந்தது. வெள்ளைச்சி சொன்னபடி மச்சானும் அவன் தம்பியும் பாறைமேல் புல்லைப் பரப்பி ஓடைத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். வாசலுக்கு முன்னால் இலைக் கிளைகளை நட்டு, வெயிலுக்கு மறைப்புக் கட்டினார்கள். எல்லாம் ஒரு பொழுது வேலை.

சாயங்காலம் பொட்டு கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, பசிக்குது!"

மூக்காயி அழுதே விட்டாள். குட்டிகள் வயிறு முட்டக் குடித்துத் தூங்கியதும், வெள்ளைச்சியைப் பத்திரமாகப் புற்றில் கொண்டுபோய் விட்டாள். அந்தப் புற்றை அப்புறம் தொடவே இல்லை. பக்கத்துப் புற்றா? அதற்கு வாக்குக் கொடுக்கவில்லையே! கரடி கரடிதானே.

திரும்பி வந்தபோது மலையப்பன் வாசலில் நின்றிருந்தான்.

"நாளைக்கும் நாங்க மூணு பேரும் வரணுமா தாயி?"

மூக்காயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே இழுப்புல முடிஞ்ச வேலை! இத்தனை பலத்தை வச்சுக்கிட்டு இருபது நாளா ஏன் அண்ணே விசிறினீங்க?"

மிச்சமிருந்த ஒரே மூங்கில் குருத்தை மென்றுகொண்டே மலையப்பன் சொன்னான்: "நீ விசிறச் சொன்னே, விசிறினேன். ஏன் புழுங்குதுன்னு நீயும் கேக்கலை. எனக்கும் சாப்பாடு நல்லா இருந்துச்சு!"

புழுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விசிறியைக் கூட்டிக்கொண்டே போகிறவர், கடைசியில் இருக்கிற நிழலையும் தின்னக் கொடுத்துவிடுவார்.