தபாலில் வந்த செடி எது?

கம்பத்திலிருந்து தபாலில் செடி அனுப்பி விற்கிற பவுனுத்தாய், ஓசூரில் நடந்த செடி வியாபாரிகள் சங்க மாநாட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் சங்கத் தலைவர் கஜபதி முழங்கினார்: "குளிர்சாதன வண்டி இல்லாதவங்களைச் சங்கத்திலிருந்து நீக்கப்போறோம். தபால்ல போற செடி பாதி செத்துத்தான் போய்ச் சேருது. எது தபால்ல வந்த செடின்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும்." அவரிடம் அப்படி இருபது வண்டிகள் இருந்தன.

பவுனுத்தாயிடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"ஐயா, போட்டி மேசையில பேரை மறைச்சுப் பத்து ரோஜாச் செடி வச்சிருக்காங்க. அதுல ஒண்ணுதான் தபால்ல வந்துச்சு, என்னுது. எதுன்னு காட்டிட்டீங்கன்னா நானே விலகிக்கிறேன். தப்பாக் காட்டினா இந்தப் பேச்சை விட்டுடணும்."

"இவ்வளவுதானாம்மா?" என்று சிரித்தபடி இறங்கி வந்த தலைவர், இலை தொங்கிக் கிடந்த ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். "இந்தா, உன் செடி!"

பவுனுத்தாய் அந்தச் செடியின் பெயர்ச்சீட்டை மறைத்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். 'கஜபதி நர்சரி' என்றிருந்தது. மண்டபமே சிரித்தது. நீக்குகிற பேச்சு அத்தோடு நின்றது.

வெளியே வந்தவளை நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, அந்தப் பத்துல உங்க செடி எது?"

"விலாசம் எழுதிக் குடுங்க," என்றாள் பவுனுத்தாய். "வீட்டுக்கே வரும், பார்த்துக்கோங்க."