மேலே நின்ற பாதி

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகப் புவனேந்திரன் இரண்டு குளிர்காலம் ஸ்கீ என்ற பனிச்சறுக்கு பழகியிருந்தார்.

ஆதிரை குனிந்து தன் ஸ்கீயின் அடியில் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஏறும்போது பின்னால் வழுக்காமல் பனியைப் பிடித்துக்கொள்ளும் பட்டை. அவள் நிமிரவில்லை.

"உங்கட இடது பட்டை சரியா ஒட்டேல்லை அண்ணை," என்றாள். "அடியில பனி கிடக்கு. துடைச்சுப்போட்டு ஒட்டுங்கோ."

அவர் துடைத்தார். ஒட்டினார்.

"நான் கேட்டது..."

"கேட்டது விளங்கினது."

அவள் முன்னால் நடந்தாள். ஐந்து பேர் அவள் தடத்தில் வரிசையாகப் போனார்கள். கடைசியாகப் புவனேந்திரன் போனார்.

*

ஆதிரை சுவிற்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவள். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர். மகள் மலை வழிகாட்டியானாள். முப்பத்துநான்கு வயது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்று பெயர். ஆனாலும் அவளோடு ஒருமுறை மலைக்குப் போனவர்கள் அடுத்த வருடமும் அவளிடமே வந்தார்கள்.

புவனேந்திரன் பேர்ண் நகரில் ட்ராம் ஓட்டுபவர். ஐம்பத்தொரு வயது.

அவர் மனைவி சுகிர்தா ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தாள். கூட வேலை செய்தவர்களோடு போய் ஸ்கீ பழகினாள். பிறகு மலை ஏறவும் தொடங்கினாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எங்கட ஆக்களுக்கு இது தேவையோ?" என்பார்.

"நீங்களும் ஒருக்கா வாங்கோவன்," என்பாள் அவள்.

அவர் ஒருக்காலும் போகவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம், ஆதிரை கூட்டிப்போன குழுவில் சுகிர்தாவும் போனாள். ஒரு சரிவில் பனி உடைந்து விழுந்தது. கீழ்ப் பாதிதான் விழுந்தது. மேல் பாதி உடைந்த விளிம்போடு அப்படியே நின்றது. சுகிர்தா அடியில் புதைந்து போனாள்.

ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு சிறிய கருவி கட்டியிருந்தது. புதைந்தவர் எங்கே கிடக்கிறார் என்று மற்றவர்களின் கருவிகளுக்கு அது சொல்லும். சுகிர்தாவின் கருவியும் சொன்னது. ஏழு பேர் தோண்டினார்கள். அன்று தெற்கிலிருந்து சூடான காற்று வீசிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் வர முடியவில்லை.

நாற்பது நிமிடம் தோண்டிய பிறகு ஆதிரை போதும் என்றாள். மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு விலகிப் போனாள்.

சுகிர்தாவை மறுநாள்தான் எடுத்தார்கள்.

விசாரணை நடந்தது. வழிகாட்டியில் பிழையில்லை என்று ஒரு கடிதம் புவனேந்திரனுக்கு வந்தது. அவர் அதை ஒருமுறை வாசித்தார். அடுத்த கிழமை ஸ்கீ வகுப்பில் சேர்ந்தார்.

இந்த வருடம் ஆதிரையின் ஐந்து நாள் பயணத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தார். பெயரைக் கண்டதும் அவள் வேண்டாமென்று எழுதுவாள் என்று நினைத்தார். அவள் எழுதவில்லை.

*

முதல் நாள் பின்னேரம், தங்கும் குடிலுக்குப் பக்கத்தில், ஆதிரை ஒரு பைக்குள் கருவியை வைத்துப் பனியில் புதைத்தாள். ஆளுக்கொருவராகத் தேடி எடுக்கவேண்டும். மலைக்கு வருகிற எல்லாரும் செய்கிற பயிற்சி.

புவனேந்திரனின் முறை வந்தது. கருவி காட்டிய இடத்தில் அவர் முழங்காலில் விழுந்தார். பனி அள்ளும் சவளை எடுத்துத் தோண்டினார். பை வெளியே வந்தது.

அவர் நிறுத்தவில்லை.

பையைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்துவிட்டுத் தோண்டிக்கொண்டே இருந்தார்.

குழுவில் மொனிக்கா என்றொரு பெண் இருந்தாள். அவள் ஓடிவந்து அவர் தோளைத் தொட்டாள். "கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது," என்று ஜெர்மனில் சொன்னாள்.

"விடுங்கள்," என்றாள் ஆதிரை.

எல்லாரும் நின்று பார்த்தார்கள். கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. கடைசியில் அவரால் சவளைத் தூக்க முடியவில்லை. குழிக்குள்ளேயே இருந்துவிட்டார்.

ஆதிரை வந்து நீளக் கம்பியைக் குழிக்குள் இறக்கினாள். அதில் அளவு குறித்திருந்தது.

"ஒண்டே கால் மீற்றர்," என்றாள். "சுகிர்தா அக்கா மூண்டரை மீற்றர் கீழ இருந்தவா."

அவள் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப இன்னும் தோண்டியிருக்கவேணும்," என்றார் அவர்.

"ஓம்," என்றாள் ஆதிரை.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எதிர்த்து ஏதாவது சொல்வாள் என்றுதான் காத்திருந்தார். சொல்லியிருந்தால் பதிலுக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது.

அவள் குழிக்குள் கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டாள்.

*

இரண்டாம் நாள் பனி கொட்டியது. வெளியே போக முடியவில்லை. மற்றவர்கள் சீட்டு விளையாடினார்கள். ஆதிரை அடுப்புக்குப் பக்கத்தில் ஈரக் காலுறைகளைத் திருப்பித் திருப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

புவனேந்திரன் போய் எதிரே இருந்தார்.

"மேல நிண்ட பாதி விழும் எண்டுதானே நிப்பாட்டினீங்கள்?"

"ஓம்."

"அது விழுந்ததோ?"

"இல்லை."

"அடுத்த நாள்?"

"அடுத்த நாளும் விழேல்லை."

"பிறகு எப்ப விழுந்தது?"

"விழவேயில்லை அண்ணை. மே மாசம் வரைக்கும் நிண்டது. பிறகு நிண்ட இடத்திலயே உருகிப்போச்சு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பாத்தனான்."

"விழவேணும் எண்டோ போய்ப் பாத்தனீங்கள்?"

அவள் ஒரு காலுறையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"ஏத்தத்தில ஸ்கீயைத் திருப்பேக்க சுகிர்தா அக்கா 'அம்மாடி' எண்டுவா," என்றாள். "ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு 'அம்மாடி'. பின்னுக்கு வந்த வெள்ளைக்காரரும் அதைப் பழகி 'அம்மாடி, அம்மாடி' எண்டு சொல்லிக்கொண்டு வந்தவை. மலை முழுக்க அந்தச் சத்தம்தான்."

புவனேந்திரன் சிரிக்கப் பார்த்தார்.

"வீட்டில அப்பிடிச் சொல்லுறேல்லை," என்றார். "ஒருநாளும் நான் கேட்டதில்லை."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். கொட்டும் பனியில் தொப்பியில்லாமல் நின்றார். உள்ளே சீட்டு விளையாடியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

*

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது.

பத்து மணிக்கு ஆதிரை ஒரு மேட்டில் குழுவை நிறுத்தினாள். எதிரே செங்குத்தான சரிவு. அதன் அடியில் ஒரு பெரிய பாறை. சரிவு முழுக்க வெயில்.

"பாறைக்கு இடப்பக்கம்," என்றாள் அவரிடம் மட்டும்.

இருநூறு மீற்றர்கூட இருக்காது. புவனேந்திரன் வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. மற்ற இடங்களைப் போலவே வெள்ளையாக இருந்தது.

"நான் அதில ஒருக்கா போய் நிக்கவேணும்," என்றார்.

ஆதிரை ஒரு பிடி பனியை எடுத்துக் கைக்குள் இறுக்கினாள். விரல்களுக்கிடையே நீர் வழிந்தது.

"விழுமோ?"

"தெரியாது. விழலாம். விழாமலும் விடலாம்."

"அண்டைக்குத் தெரிஞ்சதோ?"

"அண்டைக்கும் தெரியாது."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

"குழுவை அங்க கூட்டிக்கொண்டு போகமாட்டன்," என்றாள் ஆதிரை. "அவை இதில நிக்கட்டும். நீங்கள் போறதெண்டா நான் முன்னுக்குப் போறன். நாங்கள் ரெண்டு பேர்தான். போவமோ விடுவமோ, நீங்கள் சொல்லுங்கோ."

"நீங்கள் ஏன் வாறியள்? நான் தனியப் போறன்."

"தனிய விடமாட்டன்."

"எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை."

"அது தெரியும்."

அவர் ஸ்கீயின் முனையைச் சரிவின் பக்கம் திருப்பினார். பிறகு நின்றார்.

"விழுந்தா இவை என்ன செய்வினம்?"

"தோண்ட வருவினம்."

"ஆர்?"

"எல்லாரும்."

"வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போவம்."

"சொல்லலாம். கேக்கமாட்டினம்."

புவனேந்திரன் திரும்பிப் பார்த்தார். மொனிக்கா இன்னொரு பெண்ணின் மூக்கில் வெயிலுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். ஒருவர் அப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். உர்ஸ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகத் தினமும் ஒருமுறை அதைத் தேடுகிறவர்.

உர்ஸ் நிமிர்ந்தார். புவனேந்திரன் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார். கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மேட்டிலிருந்து இறங்கி, வெயில் விழுந்த பனியின் மேல் கால் வைத்தார்.

"வராதேங்கோ!"

புவனேந்திரன் தமிழில்தான் கத்தினார். குரல் கிழிந்தது.

உர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார்.

"அங்காலை போங்கோ! எல்லாரும் அங்காலை போங்கோ!"

கத்திவிட்டு அவர் இருந்த இடத்திலேயே பனியில் குந்திவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையுறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆதிரை அவருக்கும் சரிவுக்கும் நடுவில் நின்றாள். தொடவில்லை.



"திரும்புவம்," என்றார்.

சரியாகக் கேட்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார்.

*

வந்த தடத்தில் ஏறி, பாதுகாப்பான ஒரு முகட்டில் போய் இருந்தார்கள். அங்கிருந்து சரிவு முழுக்கத் தெரிந்தது. புவனேந்திரனின் மனைவி புதைந்த இடம் அது என்று ஆதிரை வழியில் மற்றவர்களுக்குச் சொல்லியிருந்தாள். ஒவ்வொருவரும் கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்தார்கள்.

பன்னிரண்டு மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. வெயில் சரிவைத் தடவிக்கொண்டு மெல்ல மெல்ல வலப்பக்கம் போனது. புவனேந்திரன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கையளவு பனி உருண்டாலும் போதும் என்றிருந்தது அவருக்கு.

இரண்டு மணிக்குப் பாறையின் மேல் நிழல் விழுந்தது. பிறகு சரிவு முழுக்க நிழலாயிற்று. இனிக் குளிரும். இனி விழாது.

உர்ஸ் நல்ல மனிதர். பாண் துண்டை மென்றபடி எதிரே பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"போயிருக்கலாம்," என்றார். "பாருங்கள், ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் மனைவியின் இடத்துக்கு இவ்வளவு கிட்ட வந்துவிட்டு... ஐந்து நிமிட வேலை. போயிருக்கலாம்."

புவனேந்திரன் வாயைத் திறந்தார். திரும்பியதற்குச் சொல்லக் காரணங்கள் இருந்தன: வெயில், ஈரப் பனி, அந்தப் பனியில் உர்ஸ் வைத்த கால்.

"ஓம்," என்றார் தமிழில். பிறகு ஜெர்மனில், "போயிருக்கலாம்," என்றார்.

உர்ஸ் அவர் முழங்காலில் தட்டிவிட்டுப் போனார்.

ஆதிரை எல்லாரையும் விட்டுத் தள்ளி, ஒரு கல்லில் தனியே இருந்தாள். அவளும் சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பை கட்டு அவிழாமல் பக்கத்தில் கிடந்தது.

புவனேந்திரன் எழுந்து அவளிடம் போனார். அவர் நிழல் தன் மேல் விழுந்ததும் அவள் நிமிர்ந்தாள். அவர் கேட்கப் போவதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக முதுகை நேராக்கினாள்.

"தங்கச்சி," என்றார் அவர். "சாப்பிட்டனீங்களோ?"

அவள் கட்டு அவிழாத பையைப் பார்த்தாள்.

"இல்லை அண்ணை. இந்த இடத்துக்கு வந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது."

அவர் அந்தக் கல்லிலேயே, அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"எனக்கும்," என்றார்.