கட்டிலும் படகும் சந்தித்த இடம்

முன்னொரு காலத்தில், கடல் ஏறக்குறைய இப்போதிருக்கும் இடத்திலேயே இருந்தபோது, ஒரு ராஜாவுக்கு ஊஞ்சலாடிக்கொண்டே அலையில் கால் நனைக்க ஆசை வந்தது. கரையில் மண்டபம் கட்ட உத்தரவிட்டார்.

நில அதிகாரி கச்சிராயர், ராஜாவின் மனம் குளிர, கடல் உள்வாங்கியிருந்த நேரம் பார்த்து அலையின் ஓரத்திலேயே சிவப்புக் கொடி நட்டார். "இதுவரை என் நிலம். மண்டபம் வருகிறது, குடிசைகளை அகற்றுங்கள்."

கடல் அதிகாரி சேந்தனார் விடுவாரா? மீனவர் குடிசைகளுக்குப் பின்னால் போய் நீலக் கொடி நட்டார். "இதுவரை என் கடல். கடலுக்குள் குடிசை கூடாது, அகற்றுங்கள்."

ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

முத்துராக்கு என்ற மீன்காரி சபைக்கே வந்துவிட்டாள்.

"மகாராசா, என் அடுப்பு நிலத்துல இருக்கா, கடல்ல இருக்கா? கடல்லன்னா எப்படிப் பத்துது? நிலம்னா இந்தக் கடல் ஐயாவுக்கு அங்க என்ன வேலை? பௌர்ணமிக்குள்ள வீட்டைப் பிரிக்கணுமாம்."

ராஜா இரு அதிகாரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அரசவை விகடன் அம்பலக்கூத்தன் சிரித்துவிட்டான். அவன்மேல் நெடுநாள் புகைச்சல் கொண்டிருந்த இரு அதிகாரிகளும் அன்றுதான் ஒன்றுபட்டார்கள்.

"பிரபு, சிரித்தவனே தீர்க்கட்டும்! பௌர்ணமியன்று இரு கொடிகளும் ஓரிடத்தில் நிற்கவேண்டும். ஆனால் அவன் அவற்றைத் தொடக்கூடாது. தவறினால் அவனும் வெளியே, குடிசைகளும் வெளியே."

"சம்மதமா, கூத்தா?"

"சம்மதம் பிரபு. ஒரு கட்டிலும் ஒரு படகும் கொடுங்கள்."

பௌர்ணமியன்று ராஜா கரைக்கு வந்தார். கூத்தன் சிவப்புக் கொடியடியில் கட்டிலைப் போடச் சொன்னான்.

"கச்சிராயரே, இது உங்கள் நிலம். நிம்மதியாகப் படுங்கள். கொடி கட்டிலை விட்டு விலகக்கூடாது."

நீலக் கொடியடியில் படகு.

"சேந்தனாரே, இங்கிருந்து அந்தப் பக்கமெல்லாம் உங்கள் கடல். துடுப்புப் போட்டு மன்னரிடம் வாருங்கள். கொடி நிற்கும் இடத்தில் படகு மிதக்கவேண்டும், அவ்வளவுதான்."

சேந்தனார் துடுப்புப் போட்டார். மணல் பறந்தது.

"ஐயா, நல்ல காத்துதான், பாய் விரிச்சுப் பாருங்க!" என்றாள் முத்துராக்கு.

பௌர்ணமிக் கடல் ஏறத் தொடங்கியது. முதலில் கச்சிராயரின் செருப்பு போயிற்று. பிறகு தலையணை. அவர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலை மேலே இழுத்தார். அலை பின்னாலேயே வந்தது. மேலிருந்து சேந்தனார் கொடியும் கையுமாகப் படகைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

குடிசைகளுக்கு நல்ல தூரம் கீழே அலை நின்றது. அங்கே கட்டில் நனையாமல் நின்றது, படகு மிதந்தது. இரண்டும் முட்டிக்கொண்டன. இருவரும் ஊன்றிய கொடிகள் ஒரே குழியில் நின்றன.

"நான் தொடவில்லை, பிரபு" என்றான் கூத்தன்.

"என் மண்டபம்?"

"அந்த இடத்தைத்தான் கடல் இப்போது பார்வையிட்டுக்கொண்டிருக்கிறது. ஊஞ்சலைக் கரையோடு நிறுத்திக்கொள்வோம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"அந்தக் கட்டில், பிரபு. அதைச் சபையில் போடுங்கள். கரையைப் பற்றிய உத்தரவு எதையும் இவர்கள் இருவரும் அதில் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுதவேண்டும்."

"அப்போ என் அடுப்பு?" என்றாள் முத்துராக்கு.

அதிகாரிகள் ஈரமும் வியர்வையுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிலத்தில்தான், அம்மா" என்றார்கள் ஒரே குரலில்.

"அப்படின்னா பத்தவைக்கிறேன். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."